உனக்காக நான் போட்ட கையெழுத்து

பாப்பா,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால்தான் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடச் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய், எனக்கும் சிரமம் இல்லை. கட்கி தொழிற்சாலை ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் இங்கிலீஷில் டிராஃப்ட் போட்டே வயிறு வளர்த்தவன் நான். ஆனால் இங்கிலீஷ் என்று உட்கார்ந்தால் கை தானாக ஆபீஸ் பாஷைக்குப் போய்விடுகிறது. ஆபீஸ் பாஷையில் எனக்குப் பொய் ரொம்பச் சுலபமாக வரும் என்பது உனக்குத் தெரிந்த விஷயம். தமிழில் அந்த அளவுக்குத் தேர்ச்சி இல்லை. நீ திங்கட்கிழமை ஹைதராபாத் போகிறாய், அங்கேயே வேலை, திரும்பி வருகிற யோசனை இல்லை என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போவதற்குள் இதை உன் கையில் சேர்க்க வேண்டும் என்று அச்சகத்துக்கே போய் முதல் பிரதிக்காக நிற்கப் போகிறேன்.

வீட்டு விஷயத்தை எதற்கு ஊர் நடுவில் வைக்கிறீர்கள் என்று உன் அம்மா ஒரு வாரமாக என்னைத் திட்டுகிறாள். நியாயமான கேள்விதான். உன்னைப் பற்றிய பொய்யை ஊர் நடுவில் வைத்தவன் நான். இதே மலரில், கிட்டத்தட்ட இதே பக்கத்தில் வைத்தேன். அதற்கு அவள் என்னைத் திட்டவில்லை. அந்த வருஷம் நம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினோம். பொய்யைப் படித்தவர்கள் எல்லாரும் நிஜத்தையும் படிக்கட்டும். சங்கத் தலைவர் முகம் சுளித்தார். போட முடியாது என்றால் நானே நகல் எடுத்து முருகன் கோவில் வாசலில் நின்று விநியோகிப்பேன் என்றேன். என் குணம் தெரிந்தவர், ஒத்துக்கொண்டார்.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் பேங்கில் கணக்குத் திறக்கக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? முந்தின நாள் முழுக்க நியூஸ்பேப்பர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னேன். முதல் எழுத்தைப் பெரிசாகப் போடு, கடைசியில் அடிக்கோடு வேண்டாம், இரண்டு தரம் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி வரணும் என்றேன். பேங்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத பாப்பா, யார் நீட்டனாலும் சரி, நான் நீட்டனாலும் சரி" என்றேன். நீயும் அன்றுமுதல் அப்படியே இருந்தாய். கூரியர்காரனைக்கூட நிற்கவைத்துப் படிப்பாய், நான் உன்னைக் கேலி செய்வேன். உன் கையெழுத்து உனக்கு எவ்வளவு பழக்கமோ எனக்கும் அவ்வளவு பழக்கம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

உன் கல்யாணத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நம் சங்கத்துக் குடும்பம், நல்ல வேலை, சிகரெட்டுகூடக் கிடையாது, நானே தேடிப் பிடித்தேன். இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வராமல் நீ மட்டும் வந்தாய். கடக்வாஸ்லா போகலாமா அப்பா என்றாய். அணைக்கட்டு ஓரத்தில் ஆளுக்கொரு சுட்ட புட்டா வாங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்தோம். உப்பும் எலுமிச்சையும் தேய்த்த அந்தச் சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமலே நீ சொன்னாய்.

"அவரு என்கிட்ட பேசறதே இல்லப்பா. பதினாலு மாசம் ஆச்சு."

"சண்டையா?"

"சண்ட போட்டா பரவால்லியே. எதுனா வேணும்னா சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டறாரு. அவங்க அம்மாவும் அப்படித்தான். நான் ரூமுக்குள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திடறாங்க."

"கை கிய் நீட்டறாரா?"

"இல்லப்பா."

"குடி, வேற பொம்பள சகவாசம் எதுனா?"

"இல்லப்பா. பேசல. அவ்ளோதான். என்னால முடியல."

நான் என்ன சொன்னேன் என்பதை இந்த ஊர் தெரிந்துகொள்ளட்டும். "இவ்ளோதானா, நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். சில ஆம்பளைகள் அப்படித்தான், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், நீயாகப் போய்ப் பேசு, உன் அம்மாவும் நானும் போடாத சண்டையா என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ "டீக் ஹை ப்பா", சரிப்பா, என்று தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். உன் மராத்தியும் இந்தியும் வெளியே வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதுவும் எனக்குத் தெரியும். வண்டியை எடுத்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து அந்த மசோதா வந்தது. ஒரு கல்யாணம் ஒட்டவே முடியாதபடி முறிந்துவிட்டால், அடித்தான், ஏமாற்றினான் என்று நிரூபிக்காமலே, முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தரலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம். நாடாளுமன்றக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. நம் சங்கம் கொதித்தது. முதலில் கொதித்தவன் நான். நான் வேஷம் போடவில்லை என்பதை மட்டும் நம்பு. அக்னி சாட்சியாகக் கட்டிய தாலியை ஒருத்தன் அலுத்துப்போச்சு என்று சொல்லிக் கழற்றிப் போட்டால் வேலைக்குப் போகாத பெண்கள் தெருவில் நிற்பார்களே என்று நிஜமாகவே பயந்தேன். அந்தப் பயத்தில் இன்றும் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். ஒரு சமூகம் தன் சட்டத்தைப் பற்றி டெல்லியில் போய்ப் பேசுவது தப்பில்லை. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களைக் கேட்காமல் பேசினேன். அங்கேதான் என் தப்பு ஆரம்பித்தது.

மனுவை நான்தான் எழுதினேன். பதினோரு பக்கம். இப்படி ஒரு டிராஃப்டை ஆபீசிலேயே பார்த்ததில்லை என்று தலைவர் சொல்லி, அதன் தமிழாக்கத்தை ஆண்டு மலரிலும் போட்டபோது குளிர்ந்துபோனேன். ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி: "எங்கள் பெண்கள் இந்தச் சட்டத்தைக் கேட்கவில்லை. என் சொந்த மகளே, கணவர் வீட்டில் சிறு மனத்தாங்கல்கள் ஏற்பட்டபோதும், பொறுமையோடும் நிறைவோடும் இல்லறம் நடத்தி வருகிறாள்." வாதத்துக்கு ஒரு உயிருள்ள உதாரணம் தேவைப்பட்டது. எடுத்து வைத்தேன். கடக்வாஸ்லாவில் நீ தின்னாத புட்டாவை என் கையில் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ரோட்டுக்கு விண்ணப்பம், கோவிலுக்கு இடம், தண்ணீர்க் குழாய், எதுவானாலும் குடும்ப ஃபாரம் என்று ஒன்று வரும். குடும்பத் தலைவர் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தானே கையெழுத்துப் போட்டுத் தருவார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான், யாரும் தப்பாக நினைத்ததில்லை. இந்தத் தடவை போவது நாடாளுமன்றத்துக்கு, எல்லாம் ஒரே கையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒருத்தர் சொன்னார். ஒவ்வொருவரையும் போய்க் கேட்டு வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கோவில் ஹாலில் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி, மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு மாதிரி போட்டோம். நான் மிச்ச ஃபாரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போட்டேன். உன் அம்மா தட்டு எடுத்துக்கொண்டே, "அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள். "என் பொண்ணுக்கு நான் போடாம யார் போடுவா?" என்றேன். முதல் எழுத்து பெரிசு, அடிக்கோடு கிடையாது. அச்சு அசலாக வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குழு எங்களை நேரில் பேச டெல்லிக்குக் கூப்பிட்டது. வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோ இருந்தது இல்லையா, நான் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பது, அது அப்போது எடுத்தது. பத்து நிமிஷம் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு பெண் உறுப்பினர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆப்னே அப்னி பேட்டி ஸே பூச்சா?" என்று கேட்டார். உங்கள் மகளைக் கேட்டீர்களா என்று. அவ்வளவு பெரிய அறையில் அத்தனை பேர் சட்டம், தர்மம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் ஒருத்திதான் உன்னைப் பற்றி விசாரித்தாள். ஆமாம் என்று தலையாட்டி, "ஜி மேடம்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

நான் டெல்லியிலிருந்து வந்த அடுத்த மாதமே நீ ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாய். ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாய். அடி இல்லை, வரதட்சணை இல்லை, இன்னொருத்தி இல்லை, கொடுமை என்றுதான் கேஸ் போட வேண்டும், நிரூபிப்பது கஷ்டம், அந்த மசோதா சட்டமாகிவிட்டால் உனக்கு ஒரு கவலையும் இல்லை என்று அவர் சொன்னதாகச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாய். உனக்கு மனுவின் கதை எதுவும் தெரியாது. தமிழ் மலரை நீ எங்கே புரட்டப் போகிறாய்? நான் மோரை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் மக்களவை கலைந்தது, மசோதாவும் அதோடு காலாவதியானது. சங்கத்தில் முருகனுக்கு அபிஷேகம் செய்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எனக்கு வாங்காமல் வர முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேலை முடிந்து லேபிலிருந்து பசியோடு வந்த நீ, எதற்கு என்று கேட்காமல் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டு, "நல்லாருக்குப்பா, முந்திரி நெறய போட்டிருக்காங்க" என்றாய். சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

கேஸில் உனக்கு இருந்த ஒரே சாட்சி நான். அந்த ஃப்ரிட்ஜ் சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாய், ஆனால் அவற்றில் ஒன்றிலும் ஒரு கடுஞ்சொல் இல்லை. பால் வாங்கவும், தயவுசெய்து விளக்கை அணைக்கவும். வெளியாள் படித்தால் எவ்வளவு மரியாதையான புருஷன் என்பான். கடக்வாஸ்லாவில் அப்பாவிடம் அன்றே சொன்னேன் என்பதுதான் உன் பக்கத்துப் பலம். நானும் கூண்டில் ஏறி அதைச் சொன்னேன், நன்றாகத்தான் சொன்னேன். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, ரொம்ப மரியாதை. அவர் கையில் நம் ஆண்டு மலரும் அதன் மொழிபெயர்ப்பும் இருந்தன. சம்பந்தி வீட்டிலும்தான் அது போயிருந்ததே. ஏழாம் பக்கத்துப் பத்தியைப் படித்துக்காட்டி, எழுதியது நீங்களா என்றார். ஆமாம் என்றேன். மனுவின் நகலை நீட்டி, கடைசித் தாளில் விரல் வைத்து, இது யார் கையெழுத்து என்றார்.

எனக்கு யோசிக்க நேரம் இல்லாமல் போகவில்லை, பாப்பா. இருந்தது. நான் போட்டது என்றால் நாடாளுமன்றத்துக்குப் பொய்க் கையெழுத்து அனுப்பிய சங்கம் என்று ஆகும், மற்றவர்கள் போட்டதும் வெளியே வரும், டெல்லியில் நான் சொன்ன "ஜி மேடம்" வெளியே வரும், பென்ஷன்காரன் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிறகு, "என் மகள் போட்டது" என்றேன். "படித்துப் பார்த்துத்தான் போட்டாரா?" என்றார். "படிக்காமல் அவள் எதிலும் போடமாட்டாள்" என்றேன். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு நல்ல பழக்கத்தை வைத்தே உன்னைக் கவிழ்த்தேன். நீ கூண்டில் ஏறி மறுத்தாய், அது உன் கையெழுத்து போலவே இருந்ததால் எடுபடவில்லை. கொடுமை நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. கையில் இருந்த சாட்சியத்துக்கு நீதிபதி வேறு என்ன எழுத முடியும்?

அந்த வாரமே நீ விமான நிலையத்துப் பக்கம் லோஹேகாவில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாய். கத்தவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மும்பை ஹைகோர்ட்டில் அப்பீல், வாய்தா, வாய்தா, விடிகாலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவாய் என்று உன் அம்மா சொல்வாள். உன் லேபில் வேலை பார்த்த அந்த மராத்திப் பிள்ளை ஒருமுறை நம் வீட்டுக்கு வந்தார், உனக்குத் தெரியுமோ என்னவோ. செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டுவிட்டு, ஒரு டப்பா பாகர்வடிப் பலகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு, என்னைச் சித்தப்பா முறை வைத்து, "காகா, கேஸ் எப்போது முடியும் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. கோர்ட்டு விஷயம், யாருக்குத் தெரியும் என்றேன். யாரால் இத்தனை தாமதம் என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருத்தன்தான். உனக்காக ஐந்து வருஷம் காத்திருந்தார். அவருக்கு அம்மா உண்டு, பிள்ளைக்கும் வயசாகிறது. போன தை மாதம் அவர் கல்யாணத்துக்கு நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வந்ததாக உன் அம்மா சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். மூன்றே மாதத்தில் உன் புருஷனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்து, அவனாகவே வந்து சம்மதம் எழுதிக் கொடுத்தான். பத்து வருஷமாகக் கிடைக்காதது அவனுக்கு அவசரம் வந்ததும் கிடைத்துவிட்டது. உனக்கு இப்போது நாற்பது.

அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பனாகப் பிறந்த வாய் சும்மா இருக்காது. ஹைதராபாத்தில் யாராவது, எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எவ்வளவு பாசமாக இருந்தாலும், உனக்குப் பதிலாக நான் பேசிவிடுகிறேன் என்று கிளம்பினால் அவரை வாசலிலேயே நிறுத்து. போன மாதம் தலைவர் எனக்குப் போன் செய்தார். "சார், திரும்பவும் அந்தச் சட்டம் வரும்னு பேசிக்கறாங்க. நீங்கதான் எழுதணும்." எழுதுகிறேன், ஆனால் பெண்கள் மட்டும் ஒரு அறையில் உட்கார்ந்து படித்து, விருப்பப்பட்டவர்கள் அவரவர் கையால் போடட்டும், ஆண்கள் வெளியே இருப்போம் என்றேன். அவர் சிரித்தார். "அப்பறம் யாரு சார் போடுவாங்க?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே, படிக்கிற எல்லாருக்கும்: அந்த மனுவில் என் மகள் பெயருக்கு எதிரே இருப்பது என் கையெழுத்து. அவள் அதைப் பார்த்ததுகூட இல்லை. ஏழாம் பக்கத்தில் அவளைப் பற்றி எழுதியதும் பொய், டெல்லியில் சொன்னதும் பொய், நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னதும் பொய். இதை எழுதி கோர்ட்டிலும் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் லோஹேகாவுக்கு வந்தேன். நீ அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாய். ஒரு பெட்டியைக் காட்டி உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாய். கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "இப்ப எதுக்குப்பா? கேஸே முடிஞ்சிடுச்சே" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதாவது கேள் பாப்பா, என்னை ஒரு வார்த்தையாவது கேள் என்று நான்தான் கெஞ்சினேன். மேலே ஒரு ஏர்ஃபோர்ஸ் விமானம் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் அடங்கும்வரை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாய். அப்புறம் சொன்னாய்:

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. அன்னிக்கு நீங்க கூண்டுல நின்னு, அது அவ கையெழுத்துதான்னு சொன்னீங்க இல்ல? ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். எப்பவோ போட்டுட்டு மறந்துட்டேன் போலிருக்குன்னு. நம்ம அப்பா பொய் சொல்லமாட்டாரேன்னு."

அப்பா